புதுச்சேரியும் சர்க்கரையும்: ஒரு கசப்பான வரலாறு

புதுச்சேரியில் எந்த டீக்கடையிலும் "ஒரு டீ" என்று சொன்னால் சர்க்கரை போட்ட டீதான் வரும். சர்க்கரை வேண்டாம் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சின்னப் பழக்கத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது தெரியுமா? அடிமைகள், கப்பல்கள், கூலிகள், ஆலைகள், கடைசியில் ஆஸ்பத்திரிகள்! அந்த வரலாற்றில் புதுச்சேரிக்கும் ஒரு முக்கிய இடம் உண்டு.

பெயரிலேயே இருக்கும் கதை

கரும்பு நமக்குப் புதிதல்ல. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்த செய்தி புறநானூற்றிலேயே இருக்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் தொழிலும் இந்தியாவில் வளர்ந்ததுதான். 'சர்க்கரா' என்ற வடமொழிச் சொல் பாரசீகம், அரபு வழியாகப் பயணம் செய்து பிரெஞ்சில் 'சுக்ர்' என்றும் ஆங்கிலத்தில் 'சுகர்' என்றும் ஆனது.

ஆனால் வெள்ளைச் சர்க்கரைக்கு நம்மவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். ஒன்று 'சீனி', அது சீனாவை நினைவுபடுத்துகிறது. இன்னொன்று 'அஸ்கா', ஒடிசாவில் சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர். வெல்லமும் கருப்பட்டியும் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், வெள்ளைச் சர்க்கரை வெளியிலிருந்து வந்த பொருள்.

புதுச்சேரியிலிருந்து போன கப்பல்கள்

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சர்க்கரையைக் கொட்டிக் கொடுத்தது கரீபியனில் இருந்த செயின்ட் டொமிங் என்ற காலனி. ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் அது நடந்தது. 1791ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804ல் அந்த நாடு ஹெய்ட்டி என்ற பெயரில் சுதந்திரம் பெற்றது. அதன்பின் பிரான்சின் கரும்புத் தோட்டங்கள் ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் பெருகின.

1848ல் பிரெஞ்சுக் காலனிகள் அனைத்திலும் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ரீயூனியனில் மட்டும் சுமார் 60 ஆயிரம் பேர் விடுதலை ஆனார்கள். அப்படியானால் கரும்பை வெட்டுவது யார்? தோட்ட முதலாளிகள் புதுச்சேரியையும் காரைக்காலையும் பார்த்தார்கள்.

ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லி ஆட்களைச் சேர்த்தார்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் பலரைக் கப்பல் ஏற்றின. ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர்களும் உண்டு. பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்ட்டினிக்கில் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் போய்ச் சேர்ந்தது. 1861ல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு ஆள் அனுப்புவது இன்னும் அதிகமானது.

கணக்கைப் பாருங்கள். மார்ட்டினிக்கிற்கு சுமார் 25 ஆயிரம் பேர், குவாதலூப்பிற்கு சுமார் 42 ஆயிரம் பேர், ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். கொடுமைகள் பற்றிய புகார்கள் குவிந்ததால் 1882ல் ரீயூனியனுக்கும், 1880களின் முடிவுக்குள் மற்ற இரண்டு தீவுகளுக்கும் ஆள் அனுப்புவது நின்றது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. இன்றும் ரீயூனியனில் தமிழ்க் கோயில்களும் தீமிதியும் உள்ளன. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்பப்பட்ட நம் பெண்களைப் பற்றிப் பாடியிருக்கிறார். அந்தத் துன்பத்தின் இன்னொரு கிளைதான் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து போனது.

ஆடம்பரம் அன்றாடம் ஆனது

உள்ளூரிலும் ஆலைகள் வந்தன. புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1842ல் தொடங்கியது. ஐரோப்பாவிலோ நெப்போலியன் 1811ல் பீட்ரூட் வகைக் கிழங்கைப் பயிரிட்டுச் சர்க்கரை எடுக்க உத்தரவு போட்டார். கரும்பு, கிழங்கு இரண்டும் போட்டி போட்டதில் விலை இறங்கியது. ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்தது ஏழையின் டீ டம்ளருக்குள் வந்தது.

இதன் விலையை இப்போது உடம்பு கொடுக்கிறது. ஐ.சி.எம்.ஆர். நிதியுதவியுடன் 2008 முதல் 2020 வரை நடந்த இந்தியா முழுவதற்குமான ஆய்வின் முடிவு 2023ல் வெளியானது. நாட்டில் 11.4 சதவீதப் பெரியவர்களுக்கு நீரிழிவு. கோவாவில் 26.4 சதவீதம். அதற்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு, 26.3 சதவீதம்! அதாவது நான்கு பெரியவர்களில் ஒருவருக்கு மேல். கடலுக்கு அந்தப் பக்கம் ரீயூனியனும் பிரான்சின் பகுதிகளில் நீரிழிவு மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று.

இதற்குச் சர்க்கரை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரை, உடல் பருமன், உழைப்புக் குறைவு, தட்டு நிறைய சோறு என்று பல காரணங்கள். ஆனால் நம் கையில் இருக்கும் காரணங்களில் சர்க்கரையும் ஒன்று.

எந்தச் சர்க்கரையைக் கணக்கில் எடுப்பது?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை நார்ச்சத்தோடு சேர்ந்து வருவதால் மெதுவாக இரத்தத்தில் கலக்கிறது. பாலில் இருப்பது லாக்டோஸ். இவை இயற்கைச் சர்க்கரை, இவற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைக்கவில்லை.

ஆனால் நாம் சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றையும் அது ஒரே பட்டியலில் வைக்கிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டியும் அதில்தான் வரும். இவற்றில் கொஞ்சம் தாதுக்கள் இருப்பது உண்மை. அதற்காக நினைத்த அளவு போட்டுக்கொள்ளலாம் என்பது தவறு.

2015ல் அந்த நிறுவனம் சொன்ன அளவு: இந்தச் சர்க்கரை நாள் முழுவதும் சாப்பிடும் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. 2000 கலோரிக்குக் கணக்கு போட்டால் 50 கிராம் அல்லது 25 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். இரண்டு ஸ்பூன் போட்ட டீ மூன்று குடித்தால் 24 கிராம் ஆகிவிட்டது! அதோடு 300 மில்லி கோலா ஒன்று குடித்தால் இன்னும் 30 கிராம் சேரும். வரம்பு தாண்டியாயிற்று.

நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020ல் கொண்டுவந்த விதிப்படி, பாக்கெட்டில் மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். அடுத்த முறை பிஸ்கட் வாங்கும்போது விலையோடு அந்த வரியையும் பாருங்கள். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சர்க்கரையின் வேறு வேறு பெயர்கள்தான்.

அன்று தோட்ட முதலாளிகள் சர்க்கரையை மூட்டைக் கணக்கில் எண்ணினார்கள். அதற்காக மனிதர்களைத் தலைக் கணக்கில் எண்ணினார்கள். இன்று அதே சர்க்கரையை ஸ்பூன் கணக்கில் எண்ண வேண்டிய முறை நம்முடையது. நாளைக்கு டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்வதிலிருந்து தொடங்கலாமே!