தாதாபாய் நௌரோஜியின் பாராளுமன்றப் பணி

பிரித்தானியப் பொதுமக்கள் அவையில் தாதாபாய் நௌரோஜி உறுப்பினராய் இருந்தது மூன்றே ஆண்டுகள் (1892-1895). அவ்வவையுள் ஓர் இந்தியர் புகுந்தமையையே பெருமையெனக் கூறி அமைவார் பலர். புகுந்தபின் அவர் ஆற்றியது யாது, அதன் பயன் எத்துணை என்பனவே ஈண்டு ஆராயற்பாலன.

1825-இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்திற் பிறந்த நௌரோஜி, முதற்கண் ஓர் ஆசிரியர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குசராத்தி மொழிப் பேராசிரியராய் விளங்கினார். கணக்கிட்டு நிறுவும் ஆசிரிய இயல்பு அரசியலிலும் அவரை விட்டு நீங்கிற்றில்லை. இந்தியர் ஒருவரின் ஆண்டு வருவாய் 20 ரூபாய் என அவர் கணித்தார். 1882-இல் அரசின் நிதி உறுப்பினர் பேரிங் அதனை 27 ரூபாய் என்றார். மறுக்க வந்த கணக்கும் வறுமைக்கே சான்றாயிற்று.

1886-இல் ஹோல்பர்ன் தொகுதியில் நௌரோஜி தோல்வியுற்றார். கறுப்பர் ஒருவரை ஆங்கிலேயர் தேர்ந்தெடார் என்னும் கருத்துப்படப் பிரதமர் சாலிஸ்பரி 1888-இல் பேசினார். 1892-இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதி மக்கள் ஐந்து வாக்கு மிகுதியால் நௌரோஜியைத் தேர்ந்து அதற்கு விடையளித்தனர்.

இந்திய ஆட்சிப் பணித் தேர்வு இலண்டனில் மட்டுமே நிகழ்ந்துவந்தது. கடல் கடக்கும் பொருள்வளம் இல்லாதார்க்கு அது மூடிய கதவேயாம். தேர்வை இரு நாடுகளிலும் ஒருங்கே நடத்தல் வேண்டும் என்னும் தீர்மானம், ஹெர்பர்ட் பால் முன்மொழிய, நௌரோஜி துணைநிற்க, அரசின் விருப்பத்திற்கு மாறாக 1893 சூனில் நிறைவேறியது. மாகாண அரசுகளின் கருத்து கேட்கப்பட்டபோது, சென்னை நீங்கலாக ஏனைய யாவும் எதிர்த்தன. தீர்மானம் செயற்படாது நின்றது. இந்திய மண்ணில் அத்தேர்வு நடந்தது 1922-இல். நௌரோஜி மறைந்ததோ 1917-இல்.

அவையின் தீர்மானமும் ஆட்சியாளரின் இசைவின்றேல் வெற்றுரையே என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது. எனினும் அவர் பணி வீண் என்றல் பொருந்தாது. 1895-இல் தேர்தலில் தோற்ற பின்னரும் இந்தியச் செலவுகளை ஆராய்ந்த வெல்பி ஆணைக்குழுவில் உறுப்பினராய் அமர்ந்தார். 1897-இல் அக்குழுவின்முன் சான்று பகர்ந்தோருள் நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். 1906-இல் கல்கத்தாக் காங்கிரசுத் தலைவராய், தன்னாட்சியே குறிக்கோள் என மொழிந்தார். முறையீட்டின் எல்லையை உள்ளிருந்தே கண்டவர் அவர். அக்கோரிக்கையின் வலிமை அப்பட்டறிவிற் பிறந்தது எனல் தகும்.