ஆழ்கடலில் அளந்து வரும் மூச்சு

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவுவோரும், கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து துறைமுகத்துக் கப்பல்களை நோக்குவோரும் கடலின் மேற்பரப்பை நாள்தோறும் காண்கின்றனர். அதன் அடித்தளத்தைக் கண்டவரோ மிகச் சிலர். நமக்கும் அவ்வடித்தளத்துக்கும் இடையே நின்ற தடை தொலைவன்று, மூச்சேயாகும்.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் இத்தடையை நன்கறிவர். சலாபம் கூடிய காலத்தில் அவர்கள் பாரமான கல்லில் கால் வைத்துக் கயிற்றின் வழியே இறங்குவர். சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவர். சுறாவுக்கு அஞ்சியபோது கடற்கட்டியின் மந்திரத்தை நாடினர். மூச்சு முட்டியபோது நாடுதற்கு மந்திரம் எதுவும் இருக்கவில்லை.

நீண்ட குழாயொன்றை வாயிற் கொண்டு இறங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகின்றது. நீர் நெஞ்சை நாற்புறமும் நெருக்க, மேலுள்ள வளியை இழுக்க நம் தசைகளுக்கு வலிமை போதாது. ஆதலால் நிற்கும் ஆழத்தின் அமுக்கம் எவ்வளவோ, அவ்வளவு அமுக்கமுள்ள வளியே வேண்டும். அதுவும் நாம் இழுக்கும்போது மாத்திரம் வரவேண்டும்.

இதற்கு விடை யுத்தகாலப் பிரான்சிற் கிடைத்தது. பெற்றோல் தட்டுப்பாட்டால் மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டுதற்கென எமில் கஞ்ஞான் என்ற பொறியியலாளர் ஒரு வால்வைச் செய்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ அதனை மூழ்குவோருக்கு ஏற்றதாக்க அவருடன் கூடினார். 1943 ஜனவரியில் மார்ன் நதியிற் பரீட்சித்தபோது, கிடையாக நீந்துகையில் கருவி நன்கு இயங்கிற்று. நிமிர்ந்தபோதோ வளி வீணே பெருகியது. தலைகீழானபோது மூச்சு இழுப்பது அரிதாயிற்று. மூச்சை வெளிவிடும் வாயில், வளி தரும் வாயிலின் மட்டத்தில் இல்லாமையே காரணம். இரண்டையும் ஒரே மட்டத்தில் அமைத்ததும் குறை நீங்கிற்று.

முதுகிற் பொருந்திய அக்கருவியின் உள்ளே றப்பர்த் தகடு ஒன்றுண்டு. அதன் ஒருபுறம் கடல்நீர். மறுபுறம் நாம் சுவாசிக்கும் வளி. மூச்சை இழுத்ததும் தகடு உள்வாங்கி ஒரு நெம்பை அழுத்தும்; நெம்பு வால்வைத் திறக்கும். மூச்சை விட்டதும், வாத்தின் அலகு போன்ற றப்பர் வாயிலால் அது குமிழியாய் வெளியேறும். ஆழம் கூடுந்தோறும் நீரே தகட்டை அழுத்தி, வேண்டிய அமுக்கத்தை அளந்து கொடுக்கின்றது.

இரு படியுள்ள பழைய கருவிகளைச் சரிசெய்வதில் ஒரு வரிசை உண்டு. முதற்படியின் சுருள்வில்லை இறுக்கினால் இடையறையின் அமுக்கம் கூடும். பல கருவிகளில், அது அளவு மிஞ்சினால் இரண்டாம் வால்வு தாங்காது சீறும். நெம்பு தாழ்ந்திருந்தால் மூச்சிழுப்பது பாரமாகும். உயர்ந்திருந்தால் வளி ஓயாது கசியும். அறிந்தவர் முதலில் இடையறை அமுக்கத்தை மானியால் அளப்பர். பின்னரே நெம்பைத் தொடுவர். வரிசையை மாற்றுவோர் ஒரு பிழையை மற்றொரு பிழையால் மறைப்பர். அப்பிழை மேசையிற் புலப்படாது, ஆழத்திலேதான் புலப்படும். குப்புற நீந்துகையில் மூச்சு சற்றுப் பாரமாவதோ பிழையன்று. தகடு நெஞ்சினும் உயர்ந்து நிற்பதன் விளைவேயாகும். இதனை உணராது சுருள்வில்லைத் திருகுவோர் நல்ல கருவியையும் கெடுத்துவிடுவர்.

1954 டிசம்பரில் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் கொழும்பில் இறங்கியபோது, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணிபுரிந்த றொட்னி ஜொங்க்ளாஸ் இக்கடலின் சிறப்பை அவருக்கு எடுத்துரைத்தார். 1956இல் கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் இங்கு வந்து வாழத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே வில்சன் திருக்கோணமலைச் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய கற்களைக் கண்டார். ஒரே மூச்சில் ஒரு தூணைக் காணலாம். அதனை அளந்து, படம்பிடித்து, எதன் பகுதியென ஆராய்வதற்கோ பல மூச்சுகள் வேண்டும்.

1961இல் வில்சனும் இரு இளைஞரும் தென்கிழக்கே, இராவணன் கோட்டை எனச் சிங்கள மக்கள் வழங்கும் பெரும் பாறைத்தொடரருகே, ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தனர். சூரத்தில் அச்சிட்ட அவை ஹிஜ்ரி 1113, அதாவது 1702ஆம் ஆண்டளவின. பைகள் மக்கிப் போயினும் நாணயங்கள் பையின் வடிவிலேயே கட்டியாய் இறுகிக் கிடந்தன. 1963இல் பீற்றர் துறொக்மோட்டன் என்னும் ஆராய்ச்சியாளர் துணையுடன் அவ்விடம் மீண்டும் ஆராயப்பட்டது. வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி எனப் பெயர் பெற்றார்.

அக்காலத்து இரட்டைக்குழாய்க் கருவிகள் இன்று சேகரிப்போர் கையில் உள்ளன. பித்தளை நெடுங்காலம் நிலைக்கும், றப்பர் நிலைக்காது. அவற்றை நீரில் இறக்க விரும்புவோர் பழந்தகட்டை மாற்றாது இறங்கலாகாது. முத்துக் குளித்தவர் தம் நெஞ்சின் எல்லையை அறிந்தே இறங்கினர். கருவியுடன் இறங்குவோரும் அக்கருவியின் எல்லையை அறிந்தே இறங்குதல் வேண்டும்.