கல்முனைக் கரையின் கவியும் ஒலிப்பதிவு மென்பொருளும்

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்த அடிகளார் (1892–1947) யாழ் நூலை 1947ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியின் ஒலியை ஏட்டுச் சான்றுகொண்டும் கணக்குக்கொண்டும் மீட்டுத் தந்தார். பண்டைத் தமிழர் மீட்டிய யாழைக் காதாற் கேட்டவர் ஒருவரும் அவர் காலத்தில் இல்லை. ஒலி ஒருமுறை அழிந்தபின் அதனை மீட்பது எத்துணை அரிய தொழில் என்பதற்கு அந்நூலினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அடிகளார் பிறந்த ஊருக்கு வடக்கே சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை எனவும், தெற்கே நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனவும் கடலோரமாகத் தொடரும் முஸ்லிம் ஊர்களில் வழங்கிய கவியோ இன்னும் முற்றாக அழிந்திலது. அதனை ஒலியாகவே காத்தற்குரிய கருவிகளும் இன்று மலிந்துள்ளன. அவற்றுள் எதனைத் தெரிவது, தெரிந்ததை எவ்வாறு ஆள்வது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

கவி என இக்கரையோர் வழங்குவது பெரும்பாலும் நான்கு அடியில் முடியும் சிறு பாட்டு. வட்டையிற் காவலிருந்தோன் அடுத்த பரணிலிருப்பவனுக்குக் கேட்குமாறு இரவில் உரத்துப் பாடியதும் கவி; வீட்டினுள்ளே பெண்கள் தம்முள் தாழ்ந்த குரலிற் பாடியதும் கவி. இவற்றோடு சூடு மிதிக்கும் களத்துப் பொலிப்பாட்டு, தாலாட்டு, பொல்லடிக்குரிய பாட்டு ஆகியனவும் உள. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கப்பட்டபின் வயற்பரப்பு விரிந்தது. பின்னர் உழவு இயந்திரம் வந்து எருமைகளைக் களத்தினின்றும் நீக்கியது. களம் மாறவே பொலிப்பாட்டுக்கு இடமில்லாது போயிற்று. மட்டக்களப்புப் பகுதியின் வசந்தன் கவிகளை 1940இல் தி. சதாசிவ ஐயர் தொகுத்து அச்சிட்டார். முஸ்லிம் ஊர்களின் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதலானோர் பிற்காலத்தில் அரிதின் முயன்று தொகுத்தனர். இத்தொகுப்புகள் இல்லையேல் சொற்களும் எஞ்சியிரா. ஆயினும் ஓர் அடியை இழுத்து நிறுத்தும் இடமும், அடுத்தவர் மறுமொழி எடுப்பதற்குள் விழும் இடைவெளியும் அச்சில் ஏறுவன அல்ல.

ஒலியைப் பதியும் கருவி ஒவ்வொன்றும் பாட்டுக்குத் தானே ஓர் அளவை விதித்து வந்துள்ளது. எடிசன் 1877இல் ஆக்கிய கருவி தகரத்தாளிற் பதிந்தது. அதன்பின் வந்த மெழுகுருளை இரண்டு நிமிடமளவே கொண்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். பாடகர் தம் பாட்டை அதற்குள் அடக்கினர், அடங்காததைக் கைவிட்டனர்.

வார்ப்புரு என இன்று மென்பொருளாளர் கூறும் எண்ணமும் இசைத்தட்டுக் காலத்திலேயே தோன்றிவிட்டது. சேர் ஜோர்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியளவையின் பொருட்டு 1913 முதல் 1929 வரை பல மொழிகளின் பேச்சு இசைத்தட்டுகளிற் பதியப்பட்டது. மொழி எதுவாயினும், விவிலியத்திலுள்ள கெட்டகுமாரன் உவமையைத் தத்தம் மொழியிற் கூறுமாறு பேசுவோர் வேண்டப்பட்டனர். தமிழும் அவ்வாறு பதியப்பட்ட மொழிகளுள் ஒன்று. மொழியோடு மொழியை ஒப்பிடுதற்கு இம்முறை பெரிதும் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் உழவன் வயலிலும் தாய் தொட்டிலருகிலும் தாமாகப் பேசும் பேச்சு அத்தட்டுகளில் அகப்படுதல் அரிது. எல்லாருக்கும் ஒரே அச்சை வகுத்தவர் பெற்ற பயனும் இழந்த பொருளும் இவ்வொரு முயற்சியில் ஒருங்கே காணப்படுகின்றன.

காந்த நாடாக் கருவி 1935இல் பேர்லின் நகரத்துக் கண்காட்சியொன்றில் மக்கள் முன் வைக்கப்பட்டது. கொழும்பில் 1925இலேயே வானொலி தொடங்கியிருந்தது. 1949இல் இலங்கை வானொலி என்றும் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்றும் அது பெயர் பெற்றது. நாடாவின் வருகையால் வெட்டுதலும் ஒட்டுதலும் எளிதாயின. எனினும் நிகழ்ச்சிக்குக் குறித்த நேரமே அங்கு அளவுகோலாயிற்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசற் நாடாவே பதியுந் தொழிலைப் பொதுமக்கள் கையில் ஒப்புவித்தது. 1970களின் பிற்பகுதி தொட்டு மத்திய கிழக்குக்குச் சென்றோர் வாங்கி வந்த வானொலிப் பெட்டிகளிற் பதியும் வசதியும் இருந்தது. கடிதத்துக்குப் பதிலாகக் குரலையே பதிந்து அனுப்பிய வீடுகளும் உண்டு. அத்தகைய நாடாவொன்றின் கடைசியில், குழந்தையை உறங்கவைக்கும் பாட்டி ஒருத்தியின் குரல் தற்செயலாய் அகப்பட்டிருப்பின், ஆராய்ச்சியாளர்க்கு அதனினும் உயர்ந்த பதிவு வேறில்லை.

அவ்வாறான நாடாக்கள் இன்று எத்துணை எஞ்சியுள்ளனவோ, அவை விரைந்து கெட்டு வருகின்றன. உவர்க்காற்றும் வெப்பமும் காந்தப் பூச்சுக்கு ஆகா. 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகளை மனிதரோடு வாரிச் சென்றது; பெட்டிகளிற் கிடந்த நாடாக்கள் அதற்கு விலக்காயிருந்திரா. தப்பியவற்றையும், இன்று புதிதாகப் பாடுவோர் குரலையும், கணினியில் ஏற்றவேண்டிய காலம் இது. நாடாவொன்றைக் கணினியில் ஏற்ற அது ஓடும் நேரம் முழுவதும் வேண்டும். ஒலித்தலையின் சாய்வை நாடாதோறும் காதாற் கேட்டுத் திருத்துதலும் வேண்டும். இவ்விரண்டையும் எம்மென்பொருளும் சுருக்கித் தராது. சுருக்கத்தக்கது இதன் பின்னுள்ள வேலையே.

அவ்வேலையின் அளவைச் சிறிது கணக்கிடுதல் நன்று. ஒரு கவிக்கு இடைவெளியுடன் அரை நிமிடம் எனக் கொண்டால், ஒரு மணி நேர நாடாவில் 120 கவிகள் வரை அடங்கும். அத்தகைய நூறு நாடாக்களில் 12,000. ஒவ்வொன்றையும் பிரித்து, பெயரிட்டு, கேட்பதற்குரிய சிறு படியொன்றும் ஆக்கவேண்டும். கையால் ஒவ்வொன்றாகச் செய்யப் புகுந்தவர் பாதியிற் கைவிடுவர். வார்ப்புருவும் தொகுதிச் செயலாக்கமும் வேண்டப்படுவது இதனாலேயே.

மருதமுனைத் தறியை அறிந்தோர்க்கு வார்ப்புருவை விளக்கல் எளிது. பாவு ஒருமுறை ஓட்டித் தறியில் ஏற்றப்பட்டால் அதிற் பல சாரங்கள் நெய்யப்படும். கோடும் நிறமும் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடும். நெய்பவர் கையில் எஞ்சியிருப்பது ஊடை. அவ்வாறே பதிவின் மாதிரி வீதம், தடங்களின் பெயர், கோப்புப் பெயரின் அமைப்பு, சேமிக்கும் இடம் ஆகியவற்றை ஒருமுறை வகுத்துவைத்தால், ஒவ்வொரு நாளும் பதிபவர் பாட்டுக்குச் செவிகொடுத்தாற் போதும். பாவிற் பிழைத்தால் எல்லாச் சாரமும் பிழைக்கும் என்பதும் இவ்வுவமையினுள்ளேயே அடங்கும்.

மென்பொருள்களுள் ஒடாசிற்றி இலவசமானது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, றொஜர் டனன்பேர்க் என்போர் தொடங்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. பதிவின் மேல் குறிகளிட்டு, குறிதோறும் தனிக்கோப்பாக ஒரே ஆணையில் வெளியேற்றலாம். மக்ரோ என்னும் வசதியால் ஒரே வினைத்தொடரைப் பல கோப்புகளின் மேற் செலுத்தலாம். பழகுவதற்கு எளிது, பள்ளி மாணவரும் ஒரு பிற்பகலிற் கற்பர். வார்ப்புருவிலேயே அது பின்தங்குகிறது. வெறுந்திட்டம் ஒன்றைச் சேமித்து அதன் படியை ஒவ்வொரு முறையும் எடுத்தாள்வதே வழி. அவசரத்தில் மூலத்தின் மேலேயே எழுதிவிடுதல் எளிதில் நிகழும். வின்அம்ப் என்னும் இசைப்பானைப் படைத்த ஜஸ்டின் பிராங்கெல் ஆக்கிய றீப்பர் 2006இல் முதற்பதிப்புக் கண்டது. திட்டத்துக்கும் தடத்துக்கும் தனித்தனி வார்ப்புருக்கள் அதிலுள. ஒரு நீண்ட பதிவினைப் பகுதிகளாக வகுத்து, திட்டம், தடம், பகுதி ஆகியவற்றின் பெயர்களிலிருந்து கோப்புப் பெயர் தானே அமையுமாறு எல்லாவற்றையும் ஒருங்கே வெளியேற்றலாம். 60 நாட் சோதனைக்குப்பின் விலை கொடுக்கவேண்டும். தனியாளர்க்கும் சிறு நிறுவனத்தார்க்கும் 60 டொலர் என்பது பெருந்தொகை அன்றெனினும், ஊர்ச் சங்கமொன்றுக்கு அது எண்ணிப்பார்க்கத்தக்கதே. 1991இல் தோன்றிய சொக்ஸ் படமும் பொத்தானும் அற்றது. எழுத்தாலான ஆணையொன்றினால் ஓர் அடைவிலுள்ள ஆயிரம் கோப்புகளையும் மாற்றவல்லது. பதிதலுக்கும் பிரித்தலுக்கும் றீப்பர், படியெடுத்தலுக்குச் சொக்ஸ், பொருள் வசதி இல்லாதவிடத்து முன்னதற்கு ஒடாசிற்றி என்று கொள்வதே இக்கரைக்குப் பொருந்தும்.

இனித் தொகுதிச் செயலாக்கத்தின் தீமை. இரைச்சல் நீக்கும் கருவி முதலில் இரைச்சலின் மாதிரியொன்றைக் கேட்டுக்கொண்டு, பின் அதனையொத்த ஒலியைக் குறைக்கும். ஒரு நாடாவின் மாதிரியைக் கொண்டு நூறு நாடாக்களைத் துடைக்கப் புகுந்தால், பிறவற்றுக்கு அம்மாதிரி பொருந்தாது. மேலும் கல்முனைக் கரையில் இரைச்சல் என்பது பெரும்பாலும் கடலின் ஒலி. அலையின் ஒலியும் ச, ஸ, ஷ முதலிய எழுத்துகளின் உரசலொலியும் அலைவெண்ணில் அயலானவை. ஒன்றை நீக்கும்போது மற்றதும் தேயும். அறபுச் சொற்கள் விரவிய கவியில் இவ்விழப்பு மிகப் பெரிது.

ஒலிமட்டத்தைச் சமப்படுத்துவதும் இத்தகையதே. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வகுத்த அளவுக்கு எல்லாக் கோப்புகளையும் ஒரே ஆணையிற் கொணரலாம். வானொலிக்கு அது நன்று. ஆனால் பரணிலிருந்து கூவிய ஆண்குரலும் கதவுக்குப் பின்னின்று முணுமுணுத்த பெண்குரலும் ஒரே வலிமையில் ஒலிக்கும்போது, எது எங்குப் பாடப்பட்டது என்பதன் அடையாளமே மறைந்துவிடுகிறது. ஆதலின் மூலப்பதிவு தீண்டப்படாது தனி அடைவில், மாற்ற இயலாதவாறு பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஒலிக்காப்பகத்தார் விதிக்கும் 48,000 மாதிரி, 24 பிட் என்ற குறைந்த அளவிலும், ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 518 மெகாபைற்றே செல்லும். இன்றைய சேமகங்களுக்கு இது சுமையன்று. துடைத்தலும் சமப்படுத்தலும் படியின் மேலேயே நடைபெறுக.

தமிழ்ப் பதிவுக்கு இன்னுமொரு தடை உண்டு. ஒலிக்கோப்பினுள்ளேயே விவரம் எழுதிவைக்க ஒலிபரப்பாளர் 1997இல் வகுத்த அமைப்பு, விவரத்துக்கு 256 எழுத்துகளே தருகிறது. அவையும் உரோம எழுத்துகள். தமிழ் அங்கே நில்லாது. கோப்புக்கு எண்ணாலான பெயரிட்டு, அதே எண்ணுடைய ஒருங்குறி எழுத்துக் கோப்பில் தமிழ் விவரத்தைத் தனியே வைத்தலே தக்கது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் போன்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போதும் அவ்விரட்டைக் கோப்பு உதவும்.

அவ்விவரத்தில் எவ்விடங்களை வகுப்பது என்பதே வார்ப்புருவின் உயிர்நிலை. அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பினின்றும் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிவொன்றின் உறையில் மட்டக்களப்பு என்றிருப்பின் அது கல்முனையிற் பதிந்ததாகவும் இருக்கலாம். ஆகவே ஊருக்கு ஓரிடம், பதிந்த காலத்து மாவட்டத்துக்கு ஓரிடம், இன்றைய மாவட்டத்துக்கு ஓரிடம் வேண்டும். பாடியவர், பாடிய வேளை, கேட்டிருந்தவர் என்பனவும் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, குரலையும் பெயரையும் வெளியிடப் பாடியவர் இசைந்தாரா என்பதற்கு ஓரிடம் வேண்டும். ஆய்வாளர்க்கும் பேரப்பிள்ளைகட்கும் கேட்கப் பாடிய பெண்மணி, உலகெலாம் கேட்க இசைந்தவர் என்று கொள்ளலாகாது. அவ்விடம் தொடக்கத்தில் ‘இல்லை’ என்றே நிரப்பப்பட்டிருத்தல் வேண்டும். கேட்டு அறிந்தபின்னரே அது மாற்றப்படுக. ‘இல்லை’ என்றுள்ள கோப்பினை வெளியீட்டு அடைவில் இடாது நிறுத்துமாறு ஆணை எழுதுவது, தொகுதிச் செயலாக்கம் அறிந்தவர்க்குச் சில வரி வேலையே.