சிறுவர் கையில் ஒலிவாங்கி

வரலாற்றுக்குச் சான்று யாது என்று வகுப்பில் வினவினால், மாணவர் தயங்காது விடை தருவர்: கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசாங்க ஆவணம். பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த நானும் இந்தப் பட்டியலையே கரும்பலகையில் எழுதி வந்தேன். அதில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கும்படி என்னைத் தூண்டியவர்கள் இரண்டு சிறுவர்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில், சிகாகோ நகரின் தென்பகுதியில், ஏழைக் கறுப்பின மக்களுக்கென 1941-ஆம் ஆண்டு அரசாங்கக் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஐடா பி. வெல்ஸின் பெயரைச் சூட்டினார்கள். அடிமைத் தளையிலே 1862-இல் பிறந்து, பத்திரிகையாளராய் உயர்ந்த பெண்மணி அவர். தம் இனத்தாரைக் கும்பல்கள் விசாரணையின்றிக் கொன்ற கொடுமையை நேரில் சென்று ஆராய்ந்து, உலகறிய எழுதியவர். அவர் பெயர் தாங்கிய குடியிருப்போ, அரை நூற்றாண்டுக்குள் வறுமைக்கும் போதைப்பொருளுக்கும் துப்பாக்கிக்கும் உறைவிடமாயிற்று. குற்றம் நிகழ்ந்தால் நிருபர்கள் வருவார்கள், எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே வளரும் ஒரு பிள்ளை கண்விழித்தது முதல் கண்ணுறங்கும் வரை எதைக் காண்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்பது செய்தியாவதில்லை.

1993-ஆம் ஆண்டு, டேவிட் ஐசே என்னும் வானொலித் தயாரிப்பாளர் அவ்வட்டாரத்து நண்பர் இருவரிடம் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொடுத்தார். லீஆலன் ஜோன்ஸுக்கு வயது 13; லாயிட் நியூமனுக்கு 14. பத்து நாட்கள் அவர்கள் அக்கருவிகளோடு திரிந்தார்கள். பள்ளிக்கூடம், தெரு, பேருந்து, வீடு எல்லாம் பதிவாயின. லாயிட் குடிக்கு அடிமையான தன் தந்தையிடமே கேள்விகள் கேட்டான். மேம்பாலத்தில் நின்று கீழே செல்லும் கார்கள்மீது தாங்கள் கல்லெறிந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்தப் பதிவுகள் சுமார் அரைமணி நேர நிகழ்ச்சியாகத் தொகுக்கப்பட்டு, ‘கெட்டோ லைஃப் 101’ என்ற பெயரில் ஒலிபரப்பாயின. அமெரிக்கக் கல்லூரிகளில் தொடக்கப் பாடத்துக்கு இடும் எண் 101. ஒதுக்கப்பட்டோர் வாழ்வைப் பற்றிய முதற் பாடத்தை, அதை வாழ்ந்த பிள்ளைகளே நடத்தினார்கள்!

இங்கே ஓர் ஒப்புமை கூறுவேன். நம் மன்னர்களின் மெய்க்கீர்த்திகளை வாசித்திருப்பீர்கள். வென்ற நாடுகள் வரிசையாய் வரும்; தோற்ற போர் வருவதில்லை. ஆதலால் வரலாற்றாசிரியன் அவற்றை எச்சரிக்கையுடனேயே கையாள்கிறான். தன் குற்றத்தையும் தானே சொல்லும் சாட்சிக்குக் கூடுதல் மதிப்பளிப்பது அவன் வழக்கம். அவ்வகைச் சாட்சிகள் இச்சிறுவர்கள்.

பேசியவர் சிறுவராயினும் தொகுத்தவர் பெரியவர் அல்லரோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதில் ஐசேயின் கை உண்டு. செப்பேட்டிலும் எழுதுவித்தவன் ஒருவன், பொறித்தவன் ஒருவன். இதை மறவாமல் கேட்பதே மாணவர்க்கு அழகு.

1994-ஆம் ஆண்டு அக்டோபரில் அதே குடியிருப்பில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. மிட்டாய் திருடித் தர மறுத்த ஐந்து வயதுக் குழந்தையை, 10, 11 வயதுச் சிறுவர் இருவர் 14-ஆம் மாடிச் சன்னலிலிருந்து கீழே தள்ளிக் கொன்றார்கள். நாடே திடுக்கிட்டது. அந்தச் செய்தியின் பின்னணியைத் தேடி லீஆலனும் லாயிடும் மீண்டும் கருவியைக் கையிலெடுத்தார்கள். முன்பு தம் கதையைச் சொன்னவர்கள், இப்போது அண்டை அயலாரையும் அதிகாரிகளையும் வினவும் ஆராய்ச்சியாளர்கள் ஆனார்கள். ‘ரிமோர்ஸ்’, அதாவது கழிவிரக்கம், என்னும் அந்நிகழ்ச்சி 1996-இல் ஒலிபரப்பாகி, பீபாடி விருது பெற்றது. யாரைத் தூற்றுவது என்பதோடு ஊர் நின்றுவிட்டது. பிள்ளைகள் இப்படி ஆவது எதனால் என்று இவர்கள் கேட்டார்கள்.

அக்குடியிருப்பு 2011-ஆம் ஆண்டுக்குள் முற்றிலும் இடிக்கப்பட்டது. லாயிட் நியூமன் 2022-இல், 43-ஆம் வயதில் காலமானார். கட்டடமும் இல்லை, பதிவு செய்தவரில் ஒருவரும் இல்லை. ஆயினும், 14 வயது லாயிட் தன் தந்தையிடம் பேசும் குரலை இன்றும் கேட்கலாம். எத்தனை குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன என்பதை அரசாங்க ஏடு சொல்லும். அவ்வாழ்வு எப்படி இருந்தது என்பதை இக்குரல்களே சொல்லும்.

மாணவ நண்பர்களே, முன்னாளில் ஒலிவாங்கி என்பது நிலையத்துக்குள் இருந்த அரும்பொருள். இன்று உங்களில் பலரது சட்டைப்பையிலே, கைப்பேசியில், அது இருக்கிறது. உங்கள் தெருவில் முதியவர் ஒருவர் இருப்பார். மூடப்போகும் பட்டறை ஒன்று இருக்கும். ஒருநாள் மாலை அவரிடம் அனுமதி பெற்று, கேட்டு, பதிந்து வையுங்கள். நாளும் இடமும் குறிக்க மறவாதீர்கள். நாளைய வரலாற்றாசிரியன் உங்களைத் தேடி வருவான்.