வகுப்பில் நான் ஒரே வரியில் முடித்த பாடம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஊர் வரத்துக்காலைத் தூர்வாருவது பற்றி நடந்த விவாதத்தை நானும் படித்தேன். "முழுத்தொகையும் சேரட்டும், அப்புறம் தொடங்கலாம்" என்றார் ஒருவர். "சேரவே சேராது, விடுங்கள்" என்றார் இன்னொருவர். கடைசியில் கைகூப்பும் பொம்மைப் படங்களோடு பேச்சு நின்றுபோனது. சார் ஒன்றும் சொல்லவில்லையே என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது. அது நம் ஊர்க் கதை இல்லை, இங்கிலாந்துக் கதை.

ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சி நடத்தும்போது, "கால்வாய்கள் வெட்டினார்கள், நிலக்கரி படகில் போனது, பிறகு ரயில் வந்தது, கால்வாய்கள் அழிந்தன" என்று நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். அது அரைகுறைப் பாடம் என்பது, ஓய்வு பெற்ற பிறகு ரெடிங் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோதுதான் தெரிந்தது. அழிந்தது என்று நான் சொன்ன கால்வாய் அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் படகுகள் போய்க்கொண்டிருந்தன. அதைப் பற்றித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விட்டுப்போன பாடத்தை இப்போது நடத்துகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் கென்னட்–ஏவன் கால்வாய். மேற்கே பிரிஸ்டல் துறைமுகத்தையும் கிழக்கே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ரெடிங்கையும் இணைக்கும் 87 மைல் நீர்வழி. இரண்டு முனைகளிலும் ஆறுகள். நடுவில் நியூபரியிலிருந்து பாத் நகரம் வரை சுமார் 57 மைல் மனிதர் வெட்டிய கால்வாய். 1794இல் நாடாளுமன்றச் சட்டம் இயற்றி வேலையைத் தொடங்கினார்கள். ஜான் ரென்னி என்பவர் பொறியாளர். 1810இல் முழுவதும் திறந்தது.

படகு மேட்டில் எப்படி ஏறும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் லாக். இரு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலேயிருந்து தண்ணீர் விட்டால் தொட்டி நிரம்பும், படகும் உயரும். பிறகு மேல்கதவைத் திறந்து வெளியே போகலாம். இந்த நீர்வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட லாக்குகள். டிவைசஸ் ஊரருகே கேன் ஹில் என்ற இடத்தில் 2 மைல் தூரத்துக்குள் 29 லாக்குகள், 237 அடி ஏற்றம். அதில் 16 லாக்குகள் கோயில் படிக்கட்டு மாதிரி நேர்வரிசையில் நிற்கின்றன.

1841இல் லண்டன்–பிரிஸ்டல் ரயில் பாதை வந்தது. சரக்கு ரயிலுக்குப் போனது. 1852இல் அந்த ரயில் கம்பெனியே கால்வாயை வாங்கிக்கொண்டது. போட்டியாளன் கையில் சிக்கிய கடைக்கு என்ன கதி வருமோ அதுதான் இதற்கும் வந்தது. மூடவும் இல்லை, கவனிக்கவும் இல்லை. 1948இல் அரசுடைமை ஆனபோது பாதி உயிர்தான் மிச்சம். லாக்குகள் பழுதாகி மூடப்பட்டதால், 1951க்குப் பிறகு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் படகு போக வழியில்லை. ஏவன் நதிக்கு மேலே பாலம் கட்டிக் கால்வாயையே கடக்க வைத்த டண்டாஸ் தொட்டிப்பாலம் ஒழுகத் தொடங்கியதால் 1954இல் அதையும் மூடினார்கள்.

கால்வாய் காய்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் அடியிலும் கரையிலும் களிமண்ணைக் குழைத்து மிதித்துப் பூசியிருப்பார்கள். ஈரம் இருக்கும் வரைதான் அந்தப் பூச்சு நிற்கும். காய்ந்தால் வெடித்துவிடும். பிறகு தண்ணீர் விட்டாலும் நிற்காது. மரம் முளைத்து வேர்விட்டால் கரையும் போயிற்று.

இந்த நிலையில்தான் சாதாரண மனிதர்கள் உள்ளே வருகிறார்கள். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1948 ஈஸ்டர். டிவைசஸிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வரை 100 மணி நேரத்துக்குள் படகில் போய்ச் சேர்ந்தால் சாரணர் நிதிக்கு 20 பவுண்டு தருவதாக ஒருவர் சவால் விட்டார். சாரணப் பையன்கள் சிறு படகுகளில் கிளம்பினார்கள். சொன்ன நேரத்துக்குள் போயும் சேர்ந்தார்கள். பிறகு அது படகுப் பந்தயமாகிவிட்டது. 125 மைல் பந்தயம், இன்றும் ஈஸ்டருக்கு நடக்கிறது. நன்கொடைக்காகச் செய்த விளையாட்டுதான். ஆனால் கால்வாய் செத்துவிட்டது என்று சொல்ல முடியாதபடி வருடம் ஒருமுறை அதில் துடுப்பு விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்த போராட்டம் காகிதத்தில். ஜான் கூல்ட் என்று ஒரு படகுக்காரர், நியூபரி பக்கம் சரக்குப் படகு ஓட்டிப் பிழைத்தவர். கால்வாயைப் பராமரிக்காததால் என் தொழில் கெட்டது என்று அரசின் போக்குவரத்து ஆணையத்தின்மீது வழக்குப் போட்டு நஷ்டஈடும் வாங்கினார். 1956இல் ஆணையம் வேறு வழியில் வந்தது. ரெடிங்குக்கும் பாத்துக்கும் இடையே படகு ஓட்டும் உரிமையையே ரத்து செய்ய ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. உடனே 22,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று அரசிக்குத் தயாரானது. அதை ரயிலிலோ தபாலிலோ அனுப்பவில்லை. பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு நீர்வழியாகவே கொண்டுபோனார்கள். பெரிய படகு போக முடியாத இடங்களில் சிறு துடுப்புப் படகில் எடுத்துச் சென்றார்கள்.

அவர்கள் கேட்டது முழுவதும் கிடைத்துவிடவில்லை. நாடாளுமன்றக் குழு விசாரித்து, படகுரிமையை நிறுத்தி வைத்தது. ஆனால் கால்வாயின் நிலை இதற்கு மேல் மோசமாகக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டது. தம்பிகளே, இந்த வரியை மறுபடி ஒருமுறை படியுங்கள். ஒரு மண்வெட்டி மண் அள்ளுவதற்கு முன்னால் அவர்கள் காப்பாற்றியது இந்த நிபந்தனையைத்தான். அது இல்லாமல் போயிருந்தால் கால்வாயைத் தூர்த்து, விற்று, மேலே வீடு கட்டியிருப்பார்கள். பிறகு எவ்வளவு பணம் சேர்ந்தும் பயனில்லை.

1962இல் சங்கம் அறக்கட்டளையாக மாறியது. பிறகுதான் மண்வேலை. வார விடுமுறையில் வந்து புதர் வெட்டினார்கள், சேறு அள்ளினார்கள், சுவர் பூசினார்கள். பணத்துக்கு உறுப்பினர் சந்தா, பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு, தேநீர்க் கடை, புத்தகக் கடை. அப்போது இங்கிலாந்து முழுக்க இந்தக் காற்று வீசிக்கொண்டிருந்தது. 1964இல் தெற்கு ஸ்ட்ராட்ஃபர்டு கால்வாயைத் தொண்டர்களும் ராணுவத்தினரும் சிறைக் கைதிகளும் சேர்ந்து மீட்டுத் திறந்திருந்தார்கள். 1968இல் மான்செஸ்டர் அருகே ஆஷ்டன் கால்வாயில் ஒரே வார இறுதியில் சுமார் 600 பேர் இறங்கி 2,000 டன் குப்பையை வெளியேற்றினார்கள்.

அதே 1968இல் கென்னட்–ஏவன் அறக்கட்டளை க்ராஃப்டன் நீரேற்று நிலையத்தை வாங்கியது. கால்வாயின் உச்சிப் பகுதிக்குத் தண்ணீர் ஏற்றிய இடம் அது. அங்கே 1812இல் செய்த நீராவி எந்திரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. தொண்டர்கள் அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டி, 1970இல் மறுபடி ஓட விட்டார்கள். இன்றைக்கும் குறிப்பிட்ட நாட்களில் நிலக்கரி போட்டு ஓட்டுகிறார்கள். 200 வருடத்துக்கு முந்தைய எந்திரம், எதற்காகச் செய்தார்களோ அதே வேலையை அதே இடத்தில் செய்கிறது. பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணமும் நிதிக்குப் போகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொண்டர்களே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. பெரிய கட்டுமான வேலைகளை அரசின் நீர்வழி நிறுவனம் செய்தது. கரையோர உள்ளாட்சி மன்றங்கள் பணம் தந்தன. வேலையில்லாதவர்களுக்கான அரசுத் திட்டத்தில் ஆட்கள் வந்தார்கள். ஆனால் இவர்கள் எல்லாரும் பின்னால் வந்தவர்கள். சந்தா கட்டியும் சேறு அள்ளியும் பல வருடம் ஒருவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்த பிறகு வந்தவர்கள். அறக்கட்டளைக்கு 1974 முதல் 1991 வரை தலைவராக இருந்தவர் சர் வில்லியம் ஓபிரையன் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல். பதினேழு வருடம்! நம் ஊரில் விழாக் கமிட்டிகூட இரண்டு வருடத்தில் உடைந்துவிடுகிறது.

டண்டாஸ் பாலம் 1984இல் திறந்தது. கடைசியாகக் கேன் ஹில் படிகளும் சரியாகி, 1990 ஆகஸ்ட் 8 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி வந்து கால்வாயைத் திறந்து வைத்தார். மூடி 39 வருடம் கழித்து.

நான் பாடம் நடத்தியிருந்தால் இங்கே மணி அடித்திருக்கும். ஆனால் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. திறந்த கால்வாயில் தண்ணீர் போதவில்லை. கேன் ஹில்லில் ஒவ்வொரு படகும் ஏறி இறங்கும்போது மேலே இருக்கும் தண்ணீர் கீழே போய்விடுகிறது. 1996இல் கீழிருந்து மேலே ஒரு நாளைக்கு 3 கோடி லிட்டருக்கு மேல் திருப்பி ஏற்றும் பம்பு வைத்தார்கள். கரைகள் ஒழுகின. லாக் கதவுகள் மரம். இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஆகவே திறப்பு விழா முடிந்து ஆறு வருடம் கழித்து, 1996இல், மறுபடி பணத்துக்கு மனு போட்டார்கள். தேசிய லாட்டரியின் பாரம்பரிய நிதி 2.5 கோடி பவுண்டு கொடுத்தது. மொத்தத் திட்டம் 2.9 கோடி. அந்த வேலை 2003இல்தான் நிறைவுற்றது. 20 பவுண்டு சவாலில் கிளம்பிய பையன்களையும் இந்த 2.5 கோடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 48 வருடம்.

மகளோடு ஒரு நாள் கேன் ஹில் போனேன். என் வயதொத்த ஒருவர் லாக் கதவின் நீண்ட கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். சம்பளமா என்று மகள் கேட்டாள். சிரித்தார். வாரம் ஒரு நாள் வருகிறாராம். "நான் சேர்ந்தபோது திறந்து வைத்தாயிற்று, ஆனால் வேலை முடியவில்லையே" என்றார்.

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. ஏன் என்று சொல்கிறேன்.

2006இல் நம் வரத்துக்காலை நாங்கள் தூர்வாரினோம். உங்களில் பலர் அப்போது வெளியூரில் இருந்தீர்கள். 38,000 ரூபாய் வசூல், நான்தான் பொருளாளர். பொக்லைன் வைத்து மூன்று நாளில் சீமைக் கருவேலத்தைப் பிடுங்கினோம். மாலை போட்டு போட்டோ எடுத்தோம். அந்த வருடம் கண்மாய்க்குத் தண்ணீரும் வந்தது. அடுத்த வருடம் நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை. மூன்றாம் வருடம் கருவேலம் ஆள் உயரம். கிராமக் கணக்கு வரைபடத்தில் வரத்துக்கால் எவ்வளவு அகலம் என்று அளந்து எல்லைக்கல் நடலாம் என்று ஒரு பெரியவர் அப்போதே சொன்னார். "அது வம்பு, பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டவன் நான்தான். இன்று பல இடத்தில் கால் இரண்டடி கூட இல்லை. இதை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. செலவு போக மீதி 4,260 ரூபாய் கூட்டுக்கணக்கில் அப்படியே தூங்குகிறது. போன வாரம் குழுவில் நான் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம்.

அதனால் முழுத்தொகை சேரக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் அளவு. சர்வேயர் அளந்து கல் நட விண்ணப்பம் போடுவோம். அதற்குப் பெரிய பணம் வேண்டாம், அலைய ஆள்தான் வேண்டும். நான் அலைகிறேன், ஓய்வூதியக்காரனுக்கு வேறு என்ன வேலை. இரண்டாவது, முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிறு முடிந்த மட்டும் வெட்டுவோம். பத்துப் பேர் வந்தால் போதும். மூன்றாவது, வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அடுத்தடுத்த வருடப் பராமரிப்புக்கென்று தொடாமல் வைப்போம். வெளியூரில் இருப்பவர்கள் ஒரே தடவை பத்தாயிரம் போடுவதைவிட மாதம் இருநூறு போட்டால் எனக்கு நிம்மதி.

பொருளாளராக இந்த முறை நான் வேண்டாம். இளையவர் ஒருவர் வாருங்கள். பழைய கணக்கு நோட்டு, ரசீதுக் கட்டு, பாஸ்புக் எல்லாம் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஆறரைக்குக் கலுங்கு அருகே இருப்பேன். அரிவாள் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள், டீ என் செலவு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்