சந்திர வாக்கியங்களும் ஈர்ப்பு விசையும்: சிதறால் வட்டாரக் காலக்கணிப்பு மரபு குறித்து ஓர் ஆய்வு

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கு உட்பட்டிருந்த சிதறால் வட்டாரம், தமிழகப் பஞ்சாங்க மரபும் கேரளக் கணித மரபும் ஒன்றையொன்று தொடும் நிலப்பகுதியாகும். இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான அடித்தளம், வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள். எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளிக்கும் கடபயாதி முறையில் அமைந்த இச்சிறு தொடர்கள், சந்திரன் நாள்தோறும் கடக்கும் பாகைகளை மனப்பாடமாகக் காத்துவந்தன. இவ்வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம், இன்றைய வானியல் கணக்கீட்டைப் பின்பற்றும் திருக்கணிதத்திலிருந்து வேறுபடுவதற்கு அதன் பழமையே காரணம் என்னும் பரவலான விளக்கம் போதுமானதன்று. வேறுபாட்டின் பெரும்பகுதி சூரியனின் ஈர்ப்பால் விளைவது.

பூமியின் ஈர்ப்பு சந்திரனை நீள்வட்டத்தில் செலுத்துவதால், ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அண்மை நிலையில் அது விரைந்தும், 4,05,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேய்மை நிலையில் மெதுவாகவும் நடக்கிறது. ஓர் அண்மை நிலையிலிருந்து மறு அண்மை நிலைக்கு 27.5545 நாள் ஆகிறது. இத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாளுக்கு ஏறக்குறைய 13 நிமிடமே குறைவு. ஈர்ப்பு விதி அறியப்படாத காலத்தில் இந்த எண்ணைக் கண்டெடுத்தவர்களின் நுட்பம் வியக்கத்தக்கது.

ஆயினும் சூரியன் பூமியையும் சந்திரனையும் ஒரே அளவில் இழுப்பதில்லை. நீள்வட்டத்தின் நெட்டச்சு சூரியனை நோக்கும்போது பாதையின் நீட்சி மிகுகிறது, குறுக்கே நிற்கும்போது குறைகிறது. இதனால், சராசரி இடத்திலிருந்து சந்திரன் விலகும் உச்ச அளவு, நீள்வட்டத்தால் மட்டும் 6.29 பாகையாக இருக்க வேண்டியது, அமாவாசையிலும் பௌர்ணமியிலும் 1.27 பாகை குறைந்து 5 பாகையளவில் நிற்கிறது. அரைநிலவு நாள்களிலோ அதே அளவு கூடி 7.5 பாகையை எட்டுகிறது. பழைய சித்தாந்தங்கள் கையாளும் அளவும் ஏறத்தாழ 5 பாகையே என்பது இங்கு முதன்மையான சான்று: அவை கிரகணங்களைக் கொண்டு சரிபார்க்கப்பட்டவை, கிரகணமோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே நிகழ்வது. ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில், சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாய்பாடுகளால் சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழ்க் கணிதரைப் பதிவு செய்ததும் இவ்வகையிலேயே பொருள்படுகிறது.

பழமை மட்டுமே காரணமாயின், வேறுபாடு எல்லாத் திதிகளிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மாறாக, அது அமாவாசையருகே சுருங்கி, அரைநிலவு நாளான அட்டமியருகே 2.5 பாகை வரை விரிகிறது. சூரியனிடமிருந்து சந்திரன் நாளொன்றுக்கு 12 பாகையளவு விலகுவதால், இது திதியின் முடிவில் ஏறக்குறைய ஐந்து மணி நேர வேறுபாடாகிறது. பழைய தொடக்க எண்களைப் புதுப்பிப்பதால் மட்டும் இவ்விடைவெளி மூடாது; சூரியனிடமிருந்து சந்திரன் நிற்கும் கோணத்தைப் பொறுத்து மாறும் திருத்தத்தையும் சேர்த்தாக வேண்டும், திருக்கணிதம் செய்வது அதையே.