சமூக வலைத்தளங்கள்: முகமறியாதவர்கள் கூடிய கதை

முன்பின் தெரியாதவர்கள் ஒருவரோடொருவர் பேசவும், பொருளை விற்கவும் வாங்கவும், தம்மிடம் உள்ளதை நாலு பேருக்குக் கொடுக்கவும் இடம் தரும் இணையதளங்களைச் சமூக வலைத்தளங்கள் என்கிறோம். இந்தப் பெயரைச் சொன்னதும் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்தான் இன்று பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இவற்றின் முன்னோடி ஃபேஸ்புக்கைவிட முப்பது வயது மூத்தது. இடைப்பட்ட காலத்தில் கணினியின் வேகமும் மென்பொருளின் நுட்பமும் பலமடங்கு கூடின. ஒரு கேள்வி மட்டும் முதல் நாளிலிருந்தே கூடவே வந்தது: யாரென்றே தெரியாத ஒருவரை எப்படி நம்புவது? அதற்கு நல்ல விடை கண்ட தளங்கள் வளர்ந்தன.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைக்கு ஏறும் படிகளின் உச்சியில், 1973 ஆகஸ்டில், ஒரு டெலிடைப் இயந்திரம் வைக்கப்பட்டது. லீ ஃபெல்சன்ஸ்டைன், எஃப்ரம் லிப்கின், மார்க் ஸ்பகோவ்ஸ்கி முதலிய இளைஞர்கள் அதற்கு ‘கம்யூனிட்டி மெமரி’ என்று பெயர் வைத்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக அது சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பெரிய கணினியோடு இணைந்திருந்தது. டெலிடைப் தடதடவென்று சத்தம் போடும். அதை அடக்க இயந்திரத்தை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, எழுத்து தெரிவதற்காக மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் போட்டு, தட்டச்சு செய்யக் கைநுழைக்க இரண்டு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, தயங்கித் தயங்கி வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான கட்டளைகள் இரண்டே: செய்தியைச் சேர், செய்தியைத் தேடு.

அதே இடத்தில் இசைக்கலைஞர்கள் காகிதத்தில் எழுதி ஒட்டும் அறிவிப்புப் பலகை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவர்கள் இந்தப் பெட்டியிலும் குழுவுக்கு ஆள் தேடினார்கள். பிறகு ஊரே வந்தது. இந்தப் பக்கத்தில் நல்ல ‘பேகல்’ (நடுவில் ஓட்டையுள்ள வளைய ரொட்டி) எங்கே கிடைக்கும் என்று யாரோ கேட்டுவைத்தார். வந்த பதில்களில் ஒன்று யாரும் எதிர்பாராதது. முன்பு பேகல் செய்யும் தொழிலில் இருந்த ஒருவர், செய்வதற்கே கற்றுத்தருவதாகச் சொல்லித் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார். பேச்சு, வியாபாரம், பகிர்வு மூன்றும் அந்த அட்டைப்பெட்டிக்குள் ஒன்றாகக் கிடந்தன. பின்னால் வந்த தளங்கள் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துத் தொழில் நடத்தின.

1978 ஜனவரியில் பனிப்புயல் சிகாகோவை முடக்கிப்போட்டபோது வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரு நண்பர்கள் வீட்டுக் கணினியிலிருந்து தொலைபேசி வழியே செய்தி விட்டுச்செல்லும் வசதி ஒன்றை உருவாக்க முனைந்தார்கள். பிப்ரவரி 16 அன்று அது திறந்தது. ஒரே ஒரு லைன். ஒருவர் முடித்து வைத்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே வரலாம்.

1985-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே ‘தி வெல்’ என்ற கணினி உரையாடல் அரங்கம் தொடங்கியது. தொடங்கிய இருவரில் ஒருவர் எழுத்தாளர் ஸ்டூவர்ட் பிராண்ட். மற்றவர் மருத்துவர் லாரி பிரில்லியன்ட். 1970-களில் உலக சுகாதார நிறுவனத்துக்காக இந்தியாவில் பெரியம்மை ஒழிப்பில் ஈடுபட்டவர். அவரும் சேர்ந்து நிறுவிய சேவா அறக்கட்டளை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு நெடுங்காலமாகக் கைகோத்து வேலை செய்துவருகிறது. தி வெல்லில் உறுப்பினர்களின் உண்மைப் பெயர் மற்றவர்களுக்குத் தெரியும். ‘உன் சொல்லுக்கு நீயே சொந்தக்காரன்’ என்பது அங்கே நுழைவாயில் வாசகம். எழுதியதன் உரிமையும் உன்னுடையது, பொறுப்பும் உன்னுடையது என்று அதற்கு இரண்டு பொருள். இத்தனை தெளிவான விதியைப் பிறகு வந்த பெரிய தளங்கள் எதுவும் எழுதிவைக்கவில்லை.

வையவிரிவு வலை வந்ததும் கதவு அகலத் திறந்தது. 1995 செப்டம்பரில் சான் ஹோசேயில் பியர் ஒமிடியார் என்ற 28 வயது மென்பொருள் பொறியாளர் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற ஏலத் தளத்தைத் தொடங்கினார். அவர் தொடக்கத்தில் விற்றது பழுதான ஒரு லேசர் சுட்டுக்கருவி. 14.83 டாலருக்குப் போனது. அது வேலை செய்யாது என்பது தெரியுமா என்று வாங்கியவரை ஒமிடியார் கேட்டார். பழுதான லேசர் சுட்டுக்கருவிகளைச் சேகரிப்பதே தன் பொழுதுபோக்கு என்று பதில் வந்தது. உலகில் எதற்கும் எங்கோ ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், அவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1997-ல் தளத்தின் பெயர் ஈபே ஆனது.

பொருளைக் கண்ணால் பார்க்காமல், விற்பவர் முகம் தெரியாமல், முன்பணம் அனுப்ப வேண்டும். யார் துணிவார்? சண்டைகள் வந்தன, புகார்கள் ஒமிடியாரின் மின்னஞ்சலில் குவிந்தன. 1996 பிப்ரவரியில் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் எல்லோரும் படிக்கும்படி ஒரு வரி எழுதலாம். நல்லது என்றால் ஒரு புள்ளி கூடும், கெட்டது என்றால் ஒரு புள்ளி குறையும். பெரும்பாலான மக்கள் நேர்மையானவர்களே என்ற நம்பிக்கையில் எழுந்தது இந்த முறை. ஈபேயின் கண்டுபிடிப்புகளில் இதற்கு ஈடானது வேறில்லை. மளிகைக் கடைக்காரர் ஊரில் பல ஆண்டுகளில் சம்பாதிக்கும் நல்ல பெயரை இது பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணாக்கியது. இன்று ஆட்டோ பிடிப்பது முதல் ஹோட்டல் சாப்பாடு வரை நாம் போடும் நட்சத்திரங்கள் எல்லாம் அந்த மரபில் வந்தவையே. காலப்போக்கில் ஈபேயின் இந்த முறை நெளிந்தது. கெட்ட வரி எழுதினால் பதிலுக்கு நமக்கும் கெட்ட வரி வருமே என்று வாங்கியவர்கள் பயந்தார்கள். வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையாக எழுத முடியாதபடி 2008-ல் ஈபே விதியை மாற்றியது.

இந்தியாவில் இந்தப் பாதையில் நடந்த தளம் பாஸி.காம். 2004-ல் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், யாரோ ஒரு பயனர் சட்டவிரோதமான வீடியோ ஒன்றை விற்பனைக்குப் போட்டதற்காகத் தளத்தின் தலைமை நிர்வாகி கைது செய்யப்பட்டார். சந்தையில் ஒருவன் திருட்டுப் பொருள் விற்றால் சந்தைக்கு இடம் கொடுத்தவரைப் பிடிப்பதா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008-ல் திருத்தப்பட்டபோது, உரிய எச்சரிக்கையோடு நடந்துகொள்ளும் இடைநிலைத் தளங்களுக்கு விரிவான பாதுகாப்பு கிடைத்தது.

ஆளை ஆளோடு இணைப்பதையே வேலையாகக் கொண்ட முதல் பெரிய தளம் நியூயார்க்கில் 1997-ல் ஆண்ட்ரூ வைன்ரிச் தொடங்கிய சிக்ஸ்டிகிரீஸ். நண்பர் பட்டியல் போடலாம், நண்பரின் நண்பரைப் பார்க்கலாம். ஆனால் அன்று பலரின் நண்பர்கள் இணையத்திலேயே இல்லை. சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

அதே 1997-ல் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சென்னைக்காரர் முருகவேல் ஜானகிராமன், அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு தளம் நடத்தினார். தமிழ் நாட்காட்டி உட்படப் பல பகுதிகள் அதில் இருந்தன. கூட்டம் மொய்த்தது வரன் பகுதியில்! அதைத் தனியே எடுத்து வளர்த்ததுதான் பாரத் மேட்ரிமோனி. அவருக்கு மனைவி அமைந்ததும் அந்தத் தளத்தின் வழியாகவே. ஜாதகக் கட்டும் தரகரும் உறவினர் வாய்ச்சொல்லும் சுமந்த நம்பிக்கையை இங்கே ஒரு விவரப் பக்கம் சுமந்தது. இந்தத் துறையில் தமிழர் கை முன்னே நீண்ட இடம் இது என்று தயங்காமல் சொல்லலாம்.

2003-ல் பொதுமக்களுக்குத் திறந்த ஃப்ரெண்ட்ஸ்டர் சில மாதங்களில் லட்சக்கணக்கானோரை ஈர்த்தது. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் யார் யாருக்கு எத்தனையாவது நண்பர் என்று கணக்குப் போட்டே அதன் சர்வர்கள் மூச்சுத் திணறின. அமெரிக்கர்கள் கிளம்பிவிட்டார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் இளைஞர்கள் இன்னும் பல ஆண்டுகள் அதிலேயே கூடியிருந்தார்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு இந்த உலகம் அறிமுகமானது ஆர்குட் வழியாக. துருக்கியில் பிறந்த கூகுள் பொறியாளர் ஆர்குட் புயுக்கோக்டன் உருவாக்கி, 2004 ஜனவரியில் வெளிவந்தது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் அழைத்தால்தான் அப்போது நுழைய முடியும். தெரிந்தவர் கைபிடித்துக் கூட்டிவருவதுதான் நம்பிக்கைக்கு அது கண்ட விடை. நண்பர் நம்பத்தகுந்தவரா என்பதற்குச் சிரித்த முகம், அசராதவரா என்பதற்குப் பனிக்கட்டி, அழகானவரா என்பதற்கு இதயம் என்று மதிப்பெண் போடலாம். கூகுள் எதிர்பார்த்த அமெரிக்கா அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரேசிலும் இந்தியாவும் அள்ளிக்கொண்டன. 2008-ல் அதன் நிர்வாகமே பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச் நகருக்கு மாறியது.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, நேற்று போட்ட ‘ஸ்க்ராப்’ செய்திக்குப் பதில் வந்திருக்கிறதா என்று பார்த்த தலைமுறை அது. ஸ்க்ராப்புக் என்பது திண்ணை மாதிரி: யார் பேசுவதையும் யாரும் கேட்கலாம். ‘டெஸ்டிமோனியல்’ இன்னும் நெருக்கமானது. ஒருவரைப் பற்றி நண்பர் எழுதும் நற்சான்று; அவர் ஏற்றுக்கொண்டால்தான் பக்கத்தில் தோன்றும். ஏற்கும்வரை அது அவர் கண்ணுக்கு மட்டும் என்பதால், வெளியே சொல்ல முடியாததை அதில் எழுதி, ‘ஏற்றுக்கொள்ளாதே’ என்ற குறிப்போடு அனுப்பும் பழக்கம் தானாக முளைத்தது. வடிவமைத்தவர்கள் நினைத்தும் பார்க்காத உபயோகம். கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டால், ‘மோசமான சர்வர், உனக்கு டோனட் கிடையாது’ என்று பொருள்படும் ஆங்கில வரி திரையில் வரும்.

ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு மாணவர்களுக்காக மட்டும் தொடங்கியது. பல்கலைக்கழக மின்னஞ்சல்தான் அடையாள அட்டை. 2006 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்தது. அதே மாதம் நண்பர்கள் செய்வதெல்லாம் ஒரே பக்கத்தில் ஓடிவரும் ‘நியூஸ் ஃபீட்’ வந்தபோது, லட்சக்கணக்கான பயனர்கள் ஃபேஸ்புக்கிலேயே குழு சேர்த்து எதிர்த்தார்கள். ஃபீட் நிலைத்தது, எதிர்ப்பு அடங்கியது. 2009-ல் ‘லைக்’ பொத்தான் வந்தது. யாருடைய பேச்சு யார் கண்ணில் படவேண்டும் என்பதை மெல்ல மெல்ல நிரல் தீர்மானிக்கத் தொடங்கியது. இந்தியாவில் 2010-ல் ஃபேஸ்புக் ஆர்குட்டை முந்தியது. 8.7 கோடி பேர் வரையிலான பயனர்களின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்கு முறைகேடாகப் போயிருக்கலாம் என்று 2018-ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. நண்பரை நம்பிச் சொன்னதெல்லாம் நடுவில் இருந்தவரிடமும் சேர்ந்திருந்தது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

பகிர்வின் கிளை தனிப் பாதையில் வளர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூலி எதுவும் வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. அதன் தொடக்க ஆண்டுகளில் தூணாக நின்றவர் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன். 2017-ல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005-ல் எழுந்தது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு இது எத்தனை அவசியம் என்று விளக்க வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவின் எழுத்தை யாரும் முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அது ஒரே முதலாளியின் கையில் இல்லை.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை மூழ்கியபோது பேச்சும் பகிர்வும் மறுபடி ஒன்றுசேர்ந்தன. எந்தத் தெருவில் எத்தனை பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், யார் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, யாரிடம் சாப்பாடு இருக்கிறது, யாரிடம் படகு இருக்கிறது என்று ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் செய்திகள் கொட்டின. தன்னார்வலர்கள் அவற்றைப் பொதுவான அட்டவணைகளில் ஏற்றி, எண்களுக்குப் போன் செய்து சரிபார்த்தார்கள். முகம் தெரியாதவர்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர்கள் ஏராளம். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும் அதே வேகத்தில் பரவியது.

இப்படி மக்கள் கட்டிய இணைய ஊர்கள் பல மூடப்பட்டதும் வரலாற்றின் பகுதியே. பேட்டை பேட்டையாகப் பிரித்துச் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை, 1999-ல் 350 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய யாஹூ, 2009 அக்டோபரில் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாக இறக்கி முடிந்தவரை காப்பாற்றியது. ஃப்ரெண்ட்ஸ்டர் 2011-ல் பழைய படங்களையும் பதிவுகளையும் அழித்தது. சர்வர் மாற்றும்போது, 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் தொலைந்துவிட்டன என்று, இசைக்குழுக்கள் கூடிய மைஸ்பேஸ் தளம் 2019-ல் தெரிவித்தது. பல இசைக்குழுக்களுக்கு வேறு பிரதியே கிடையாது.

ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று நின்றது. படங்களையும் ஸ்க்ராப்களையும் டெஸ்டிமோனியல்களையும் இறக்கி எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை கூகுள் அவகாசம் கொடுத்தது. கடவுச்சொல் நினைவில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.